ஆராய்ச்சிப் படிப்பும் ஆராய்ச்சியாளர் வாழ்க்கையும்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. மல்லேஸ்வரத்தைத் தாண்டினால் இந்திய அறிவியல் கழகம். பழைய ஆட்களுக்கு அது இன்றும் டாடா இன்ஸ்டிடியூட்தான். சதாசிவ நகர்ப் பக்கம் ராமன் ஆராய்ச்சி நிறுவனம். கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம். பெல்லாரி ரோட்டில், விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துக்குள், உயிரியலுக்கான என்சிபிஎஸ். ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு மையம். எல்லா இடத்திலும் தமிழ்க் குரல் கேட்கும். நானும் ஊரிலிருந்து வந்து பிஎச்டி முடித்து, பழ ஈக்களை வைத்து மூளையை ஆராயும் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன்.

ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கமிருக்கும் சொந்தக்காரர்கள், ஊரிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மா என்று பலர் கேட்ட கேள்விகள் இவை. கண்டுபிடிப்பு பற்றிச் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. கண்டுபிடித்தவர் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார், மாதம் கையில் என்ன வந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வருவதில்லை. குடும்பத்தில் ஒரு பேராசிரியர் இருந்தால் பேச்சுவாக்கில் காதில் விழுந்துவிடும் விஷயங்கள்தான் இவை. அப்படி ஒருவர் இல்லாத வீடுகள்தான் நம்மிடம் அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காலையில் போனால் சாயங்காலம் வரை அங்கே என்னதான் செய்வீர்கள்?

எங்கள் லேபை வைத்தே சொல்கிறேன். பழ ஈ என்பது வாழைப்பழம் கனிந்தால் தட்டைச் சுற்றிப் பறக்குமே, அந்தச் சின்ன ஈ. கண்ணாடிக் குழாய்களில் வளர்க்கிறோம். குழாயின் அடியில் மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிய தீனி; மேலே பஞ்சு அடைப்பு. ஈக்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்தாலே ஈஸ்ட் புளித்த வாடை அடிக்கும். சில நாளில் பழகிவிடும்.

ஒரு ரக ஆணை இன்னொரு ரகப் பெண்ணோடு சேர்ப்பதுதான் பாதி வேலை. அதற்கு இன்னும் இணை சேராத பெண் ஈ வேண்டும். 25 டிகிரியில் வளரும் பெண் ஈ, கூட்டிலிருந்து வெளிவந்து சுமார் எட்டு மணி நேரம் வரைதான் இணை சேராமல் இருக்கும். அதற்குள் பிரித்தெடுத்துவிட வேண்டும். 18 டிகிரி அறையில் வைத்தால் இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் ராத்திரி போகும்போது குழாய்களைக் குளிர்ந்த அறைக்கு மாற்றிவிட்டு, விடிந்ததும் வந்து பிரிக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு கசியும் வெள்ளைத் தட்டில் கொட்டினால் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும். புதிதாகப் பிறந்த பெண் ஈ வெளிறி, சற்று உப்பலாக, வயிற்றில் ஒரு கரும்புள்ளியோடு இருக்கும். அந்தப் புள்ளி தெரிந்தால் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று ஈக்கு எதுவும் கிடையாது. ஊருக்குப் போக டிக்கெட் போடுவதற்கு முன்னால் எந்தக் குழாயில் எப்போது ஈ வெளிவரும் என்று கணக்குப் பார்ப்போம். வெளியே இருப்பவர்களுக்கு இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஆராய்ச்சியாளர் எப்போது தூங்குகிறார், எப்போது கல்யாணத்துக்கு வருகிறார் என்பதையெல்லாம் அவர் ஆராயும் பொருளே தீர்மானிக்கிறது. ஈ ஆட்களுக்கு விடியற்காலை, வானியல்காரர்களுக்கு இரவு, காட்டுக்குப் போகிறவர்களுக்கு மழை பெய்யாத மாதங்கள். கணிதம், கோட்பாட்டு இயற்பியல் செய்பவர்களுக்குக் கரும்பலகையும் தாளும் போதும். ஆனால் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவர்கள் வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஈயை ஆராய்ந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

மனிதரில் நோய்க்குக் காரணமாக அறியப்பட்ட ஜீன்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு ஈயிலும் இணையான ஜீன் உண்டு. முட்டையிலிருந்து முழு ஈயாக வளரப் பத்து நாள்தான் ஆகும். மனிதரில் மூன்று தலைமுறையைப் பார்க்க ஏறக்குறைய ஒருவருடைய ஆயுளே ஆகிவிடும். ஈயில் ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். நம் உடம்புக்குள் இருக்கும் பகல் இரவுக் கடிகாரத்துக்கான ஜீன் முதலில் பிடிபட்டது ஈயில்தான். 1971-ல் சீமூர் பென்சரும் அவருடைய மாணவர் ரொனால்ட் கொனோப்காவும் கடிகாரம் கெட்ட ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழியிலேயே தொடர்ந்து போன மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரி ஷிப்டில் வேலை பார்ப்பவர் உடம்பு ஏன் சீர்கெடுகிறது என்ற பேச்சின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தப் பாதையில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டிஐஎஃப்ஆர்) இருந்த ஓபைத் சித்திக்கி, சூடு ஏறினால் முடங்கிப்போகும் ஈக்களைப் பற்றி பென்சரோடு சேர்ந்து 1976-ல் எழுதினார். பிறகு அவர்தான் பெங்களூரில் என்சிபிஎஸ் உருவாகக் காரணமாக இருந்தார்.

இதற்கெல்லாம் பிறவியிலேயே பெரிய மூளை வேண்டாமா?

வேண்டாம். இதை உறுதியாகச் சொல்வேன். பொறுமையும், தப்பாக வந்த முடிவைத் தூக்கிப் போடாமல் ஏன் அப்படி வந்தது என்று கேட்கும் குணமும் வேண்டும். மற்றதெல்லாம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது.

சி.வி. ராமன் பெரிய மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் போன வழியைப் பாருங்கள். திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தவர், 1907-ல் அரசு நிதித்துறை வேலைக்குத்தான் போனார். கல்கத்தாவில் ஆபீஸ் போவதற்கு முன்னாலும் ஆபீஸ் விட்ட பின்னாலும் ஒரு அறிவியல் சங்கத்தின் லேபில் ஆராய்ச்சி செய்தார். பத்து வருஷம் இப்படியே போனது. 1917-ல்தான் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் வேலைக்கு மாறினார். 1928 பிப்ரவரி 28-ம் தேதி செய்த கண்டுபிடிப்புக்குத்தான் 1930-ல் நோபல் பரிசு. அந்தத் தேதியைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். நோபலை மட்டும் சொல்லி அந்தப் பத்து வருஷத்தைச் சொல்லாமல் விட்டால், கேட்கும் பிள்ளைக்கு அவர் வானத்திலிருந்து குதித்தவர் மாதிரித்தான் தெரியும்.

சின்ன ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறேன். எனக்கு வழி உண்டா?

உண்டு, ஒன்றுக்கு மேல் உண்டு. பி.எஸ்சி. முடித்தவுடன் ஜேஏஎம் தேர்வு எழுதி, இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்டியும் சேர்ந்த படிப்பில் நுழையலாம். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு சிஎஸ்ஐஆர் யுஜிசி நெட், கேட், இயற்பியலுக்கு ஜெஸ்ட், டிஐஎஃப்ஆர் குடும்ப நிறுவனங்களுக்கு அவர்களுடைய தனித் தேர்வு. இந்தத் தேர்வுகள் வாசல் கதவைத்தான் திறக்கும். உள்ளே எடுப்பதும் எடுக்காததும் நேர்காணலில். அங்கே உங்கள் கல்லூரியின் பெயரைவிட, நீங்கள் செய்த ஒரு சின்ன புராஜெக்டை உங்களால் விளக்க முடிகிறதா என்பதைத்தான் துருவுவார்கள். ‘ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக் குழாயை (கன்ட்ரோல்) ஏன் வைத்தாய்?’ என்று கேட்டால், சார் வைக்கச் சொன்னார் என்று பதில் வரக்கூடாது.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியும் (ராமன் 1934-ல் தொடங்கியது) மற்ற இரண்டு தேசிய அகாடமிகளும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் தருகின்றன. கல்லூரியில் படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் வேலை, உதவித்தொகையும் உண்டு. இது நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று ஐந்து வருஷத்தைப் பணயம் வைக்காமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் வராது. சமாளிக்க முடியுமா?

முதல் வருஷம் கஷ்டம்தான். லேப் மீட்டிங்கில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது வலிக்கும். ஆனால் ஆராய்ச்சிக்குத் தேவையான ஆங்கிலம் குறைவு. ஆராய்ச்சி முடிவுகளை எழுதும் பேப்பர்களில் ஒரே மாதிரி வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தினம் ஒரு பேப்பரைச் சத்தமாக வாசித்தால் ஆறேழு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

ஆளைக் காட்டச் சொன்னால் இஸ்ரோவைப் பாருங்கள். தலைவராக இருந்த சிவன் நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்; குடும்பத்தின் முதல் பட்டதாரி. சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடிக்காரர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான் 3-ன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கி, சென்னையில் பொறியியல், திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடியில் பிஎச்டி என்று படிப்படியாக ஏறியவர். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்1-ன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். இந்தக் கடைசி இரண்டு திட்டங்களும் பெங்களூர் செயற்கைக்கோள் மையத்திலிருந்துதான் நடந்தன.

டிப்ளமோ படித்தவர் அத்தோடு முடிந்தார் என்று நினைக்கும் வீடுகளில் வீரமுத்துவேல் பெயரை நான் தவறாமல் சொல்வேன்.

‘முப்பது வயசு வரைக்கும் படிச்சுக்கிட்டே இருந்தா சம்பாத்தியம் எப்போ?’

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. பிஎச்டி மாணவர் ஃபீஸ் கட்டிப் படிக்கும் பிள்ளை மட்டுமல்ல, மாதாமாதம் பணம் வாங்குகிறவர். 2023 ஜனவரி முதல் நடப்பில் வந்த விகிதப்படி முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. விடுதி கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் கிடைத்தவருக்கு 70,000-ல் தொடங்கி 80,000 வரை. பிஎச்டிக்குப் பிறகு ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்தால் தொடக்கம் 58,000.

கூடப் படித்தவன் எலக்ட்ரானிக் சிட்டியில் வாங்கும் சம்பளத்தோடு இதை ஒப்பிட முடியாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தப் பணம் சில ஃபெலோஷிப்களில் மாதக்கணக்கில் தாமதமாக வரும். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகள் அந்த மாதங்களில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். நிதி தருகிறவர்கள் சரிசெய்ய வேண்டிய குறை இது. மாணவர் பொறுத்துப்போய்த் தீர்கிற விஷயம் இல்லை. அதனால் சேரும்போதே மூன்று நான்கு மாதச் செலவுக்கான தொகையை ஒதுக்கி வையுங்கள். வீட்டில் கடன் இருந்தால் கைடிடம் (வழிகாட்டும் பேராசிரியரிடம்) மறைக்காமல் சொல்லுங்கள்.

பிஎச்டி முடிக்க எத்தனை வருஷம்?

நம் நாட்டு லேப் அறிவியலில் பெரும்பாலும் ஐந்து முதல் ஆறு. கோட்பாட்டுத் துறைகளில் கொஞ்சம் முன்னதாகவும் முடியும்.

பெண் பிள்ளை. கல்யாணம், குழந்தை என்று வரும்போது எப்படி?

பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1933-ல் கமலா பாக்வத் என்ற மாணவி, பின்னாளில் கமலா சொஹோனி, இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்தபோது, இயக்குநராக இருந்த ராமன் பெண் என்ற காரணத்துக்காக முதலில் மறுத்தார். கமலா விடவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் முறையான மாணவியாக ஏற்பேன் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு படித்து, 1939-ல் கேம்பிரிட்ஜில் பிஎச்டி வாங்கினார். பிற்பாடு பதநீரின் சத்துகளைப் பற்றியும் ஆராய்ந்தார். அன்னா மாணி அதே கழகத்தில் ராமனிடம் வைரங்களை ஆராய்ந்தவர். ஒளித்தகட்டில் பதிவு எடுக்கப் பதினைந்து இருபது மணி நேரம் பிடிக்கும், இரவெல்லாம் லேபிலேயே கிடப்பார். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் பிறகு நாட்டின் வானிலைக் கருவிகளையெல்லாம் இங்கேயே செய்ய வழி வகுத்தார்.

ராமனை நான் மதிக்கிறேன், இந்தக் கதையையும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இன்றைக்கு விதி என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி பிஎச்டி காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. படிப்பை முடிக்கும் கால வரம்பிலும் பெண்களுக்கு இரண்டு வருஷம் கூடுதல். சில வளாகங்களில் குழந்தைகள் காப்பகமும் இருக்கிறது. சேருவதற்கு முன்பே இதைக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். விதி இருப்பது ஒன்று, லேபில் அதைச் சிரித்த முகத்தோடு தருவது இன்னொன்று என்பதும் உண்மை. அந்த லேபில் ஏற்கெனவே குழந்தை பெற்ற மாணவி யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒன்று. ‘படிப்பு முடியட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று மகள் சொன்னால் அது சாக்கு இல்லை. கடைசி ஒன்றரை வருஷம்தான் பிஎச்டியில் மிகவும் நெருக்கடியான காலம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், இரண்டு நாள் லீவு போடு என்று வாரா வாரம் போன் செய்யாதீர்கள்.

நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிப்பது? சரியில்லை என்றால்?

பேராசிரியரின் புகழைவிட, அவரிடம் படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், நடுவில் விட்டுப்போனவர் உண்டா, மாணவர் பெயர் பேப்பரில் முதலில் வருகிறதா. இவை எல்லாவற்றையும் பழைய மாணவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் ‘சார் ரொம்ப நல்லவர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மேலே விசாரியுங்கள்.

சேர்ந்த பிறகு பிரச்சினை வந்தால் உங்களுக்கென்று ஓர் ஆய்வுக் குழு இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது கூடும். அதில் இருக்கும் வேறு ஒரு பேராசிரியரிடம் சீக்கிரமே வாயைத் திறந்து பேசுங்கள். மூன்றாம் வருஷம்வரை பொறுத்துவிட்டுப் பேசினால் மாற்றுவது கடினம். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், லேப் வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. வளாக மனநல ஆலோசகரைப் பாருங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். எந்தப் பட்டமும் பிள்ளையின் உயிருக்கு மேல் இல்லை. பாதியில் விட்டு வந்த பிள்ளையைத் தோற்றவனாகப் பார்க்கும் பழக்கத்தை நாம்தான் கைவிட வேண்டும்.

லேபுக்கு வெளியே வாழ்க்கை உண்டா?

கட்டாயம் உண்டு. சில சமயம் வெளியே இருப்பதுதான் பிறகு உள்ளே வருகிறது. ராகவேந்திர கடக்கர் இந்திய அறிவியல் கழகத்தில் பிஎச்டி செய்தது மூலக்கூறு உயிரியலில். அப்போது பொழுதுபோக்காக வளாகத்தில் கூடு கட்டியிருந்த குளவிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிஎச்டி முடிந்ததும் குளவியே முழுநேர வேலையாகிவிட்டது. ஒரே கூட்டில் யார் ராணி, யார் வேலைக்காரி என்று குளவிகள் எப்படி முடிவு செய்கின்றன என்ற ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர் அவருடையது.

ராமனுக்குச் சங்கீதக் காது. சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் சுருதி சேராத ஓசைதான் வரும். மிருதங்கத்தில் மட்டும் ஏன் சுருதி சுத்தமாகப் பேசுகிறது என்று கேட்டார். வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவே கறுப்பாக ‘சோறு’ என்ற பசை பூசியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சின் எடைதான் தோலின் அதிர்வுகளை ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதை 1920-லும் பிறகு 1934-லும் விளக்கினார். பெயர் தெரியாத மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்து வைத்திருந்த இயற்பியல் அது. இந்த ஒரு ஆராய்ச்சிக்காகவே எனக்கு ராமன்மேல் தனிப் பிரியம்.

இன்றைக்கு என் வட்டத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள், சனிக்கிழமை பாட்டு வகுப்பு எடுப்பவர், மாரத்தான் ஓடுபவர், அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கு விடாமல் போகிறவர் என்று எல்லாரும் உண்டு. இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மரங்களில் தேவாங்கு வாழ்கிறது. சிவப்பு வெளிச்ச டார்ச்சோடு ராத்திரியில் அதைத் தேடிப் போகிறவர்களில் இயற்பியல்காரர்களும் இருக்கிறார்கள். எதுவுமே செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குபவரும் நல்ல ஆராய்ச்சியாளராக இருக்கலாம்.

வானியல் படித்தால் இமயமலையில் போய் உட்கார வேண்டுமா?

பெரும்பாலும் ஹொசகோட்டே போனால் போதும். லடாக்கில் ஹன்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதை செயற்கைக்கோள் இணைப்பு வழியாக பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். இன்னொன்று நம் ஊர்ப் பக்கமே, ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. 1988-ல் அங்கிருந்து ராஜமோகன் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். கோரமங்கலா வானியற்பியல் நிறுவனத்தில் படிக்கும் மாணவர்கள் முறை வைத்துக் காவலூர் போய், மேகம் விலகுமா என்று விடிய விடியக் காத்திருப்பார்கள். மேகம் விலகாமல் ஒதுக்கிய இரவுகள் எல்லாம் போய்விடுவதும் உண்டு.

ஆராய்ச்சி என்றால் பிஎச்டி வாங்கியவர்கள் மட்டும்தானா?

இல்லவே இல்லை. எங்கள் ஈக்களுக்குத் தீனி காய்ச்சும் அக்கா ஒரு நாள் வரவில்லை என்றால் எல்லா வேலையும் நிற்கும். பூஞ்சை வராமலிருக்க ஊற்றும் அமிலத்தை, தீனி எந்தச் சூட்டுக்கு ஆறிய பின் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குக் கையால் தெரியும். புது மாணவர்கள் அவரிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். கருவிகளைப் பழுதுபார்ப்பவர்கள், கண்ணாடி ஊதுபவர்கள், விலங்குக் கூடத்தைக் கவனிப்பவர்கள் என்று பெங்களூர் லேப்களில் இந்த வேலைகளில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 1965-ல் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை உலகிலேயே முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் ஒன்று அது. மற்றது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். மற்ற துகள்களைப் பாறை தடுத்துவிட வேண்டும் என்பதற்காக பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். டிஐஎஃப்ஆர் விஞ்ஞானிகளோடு ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் இருந்தார்கள். அந்த ஆழத்துக்கு வழி வெட்டி வைத்திருந்தது தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற இடங்களிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். தங்கவயல்காரர்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

பிஎச்டி முடித்த எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. இடங்கள் குறைவு, வருஷா வருஷம் வெளியே வருபவர்கள் அதிகம். வெளிநாட்டிலோ இங்கோ சில வருஷம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) இருந்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கவே முடியும். கணவன் மனைவி இருவரும் ஆராய்ச்சியாளர் என்றால் ஒரே ஊரில் இரண்டு வேலை கிடைப்பது அதைவிடக் கடினம். மருந்துக் கம்பெனி, விதைக் கம்பெனி, காப்புரிமை அலுவலகம், கல்லூரி ஆசிரியர் வேலை, டேட்டா வேலை, அறிவியல் இதழியல், நிறுவனங்களின் மைக்ராஸ்கோப் மையங்களை நடத்துவது என்று என்னோடு படித்தவர்கள் பல பக்கம் போயிருக்கிறார்கள். அவர்கள் யாரும் வழி தவறியவர்கள் இல்லை. நான்காம் வருஷத்திலேயே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் கைடு கிடைத்தால் நல்லது.

கன்னடம் தெரிய வேண்டுமா?

லேபுக்குத் தேவையில்லை. ஊரில் வாழ்வதற்குக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழருக்கு ஒரு வருஷத்தில் வந்துவிடும்.

நானும் ஆராய்ச்சியாளர்தான். படித்த பள்ளியில் பேசக் கூப்பிடுகிறார்கள். என்ன பேசலாம்?

போங்கள், தமிழில் பேசுங்கள். ஸ்லைடைவிடக் கையில் ஏதாவது கொண்டு போனால் நல்லது. நான் ஈக் குழாயும் ஒரு லென்ஸும் எடுத்துப் போவேன். சிவப்புக் கண் ஈயையும் வெள்ளைக் கண் ஈயையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவுடன் பின்பெஞ்சு எழுந்து முன்னால் வந்துவிடும். பிறகு உங்கள் கண்டுபிடிப்பைப் பத்து நிமிஷம் சொன்னால் போதும். மீதி நேரத்தில் எந்தத் தேர்வில் எத்தனை முறை போனது, அந்த வருஷம் வீட்டில் என்ன சண்டை, முதல் ஸ்டைபண்டில் என்ன வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். ‘சார், எங்கப்பா விவசாயம், நானும் வர முடியுமா?’ என்ற கேள்வி அப்போதுதான் வரும். அந்தக் கேள்விக்கு ஊக்க வார்த்தை சொல்லி அனுப்பிவிடாமல் தேர்வின் பெயரையும் விண்ணப்பிக்கும் மாதத்தையும் பலகையில் எழுதிவிட்டு வாருங்கள்.

ஒரு பேராசிரியருக்கு முன்பின் தெரியாமல் எப்படி மெயில் எழுதுவது?

சுருக்கமாக, எளிய ஆங்கிலத்தில். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று இரண்டு வரி. அவருடைய ஒரு பேப்பரைப் படித்து, அதில் புரிந்தது ஒரு வரி, புரியாதது ஒரு கேள்வி. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும் என்பது ஒரு வரி. மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படிக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஐந்து பேருக்கு ஐந்து மெயில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த லேபின் பிஎச்டி மாணவர் யாருக்காவது எழுதுங்கள். பெயர்கள் லேபின் இணையப் பக்கத்திலேயே இருக்கும். தமிழ் தெரிந்தவர் என்றால் தமிழிலேயே எழுதலாம். லேபில் இந்த வருஷம் இடம் இருக்கிறதா, கைடு எப்படி என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.